ஆக்ஸ் ஓட்டைல சந்தனம்

கள்ளக்குறிச்சிலேர்ந்து வெள்ளிமல உச்சி வரிக்கும் கிடாரையும் ஆம்ப்ளிபயரையும் ஒழுங்கா ஜோடி சேக்கத் தெரிஞ்ச ஒரே மைக்செட்டுக்காரன் நான்தான்.

இத சொல்லி வாய மூடல, என் பொண்டாட்டி பேனாவ கீழ வெச்சிட்டா. "பொய்யெல்லாம் எழுத மாட்டேன்"ன்றா. சரி, பொய்தான். ஜோடி சேத்தது நான் இல்ல. ஒரு கல்யாணப் பொண்ணு சேத்துச்சி, போன்ல ஒரு பாய் சேத்தாரு. நான் செஞ்சது ரெண்டே வேலை. ஒண்ணு, ஓடனது. இன்னொண்ணு, அந்த ஓட்டைய பல வருசமா நானே அடச்சி வெச்சிருந்தது.

நான் சொல்றேன், அவ எழுதறா. எனக்கு எழுத வராது. பள்ளிக்கூடத்துக்குப் போவலன்னு சொல்ல மாட்டேன், போனேன். மூணாவது நாளு ஒண்ணுக்குப் போறேன் சார்னு வெளிய வந்தவன், இன்னும் திரும்பிப் போவல. அந்த சாரு இன்னும் வாசலப் பாத்துக்கினு இருப்பாரு. நம்பரு மட்டும் தெரியும். பஸ் நம்பரு, போன் நம்பரு, காலண்டர்ல தேதி எல்லாம் பாத்துடுவேன். எழுத்துன்னா மட்டும் செவுத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இத யாருகிட்டயும் சொல்றதில்ல. ஓட்டல்ல போர்டப் பாத்துட்டு, "சூடா இன்னா இருக்கு?"ன்னு கேட்டுத் தப்பிச்சிடுவேன்.

என்னாண்ட ஒரு ஆம்ப்ளிபயரு, ரெண்டு கூம்பு ஸ்பீக்கரு, ரெண்டு பொட்டி ஸ்பீக்கரு, மூணு மைக்கு இருக்கு. காதுகுத்து, மஞ்சத்தண்ணி, கட்சிக் கூட்டம், கருமாதி, எதா இருந்தாலும் போவேன். வெள்ளிமலைல ஒரு ஜீப் டிரைவரு, பஸ் ஸ்டாண்டாண்ட ஆளு சேர வரிக்கும் ஜீப்புல சாஞ்சிக்கினு கிடாரு வாசிச்சிக்கினு இருப்பாரு. அவருதான் ஒரு நாளு வந்து நின்னாரு.

"அண்ணே, எனக்குக் கல்யாணம். செட்டு போடணும். நானே கிடாரு வாசிக்கப் போறேன். உங்க செட்டுல சேருமா?"

"சேருமாவா?"ன்னேன். "வறட்டில ஒயரக் கட்டி எங்கிட்ட குடு. அதையும் பாட வெக்கறேன்."

அதுக்கு முன்னாடி கிடார நான் தொட்டது கூட இல்ல.

அவரு சிரிக்கல. "வெளையாட்டு இல்லண்ணே"ன்னு சொல்ட்டு விசயத்த சொன்னாரு. பொண்ணு களமருதூரு. கரியாலூர் ஆஸ்பத்திரில நர்ஸா வேலை. பஸ்ஸ வுட்டா இவரு ஜீப்புதான். மொதல்ல பஸ்ஸ எப்பயாவது வுட்டுச்சாம், அப்பறம் தெனம் வுட்டுச்சாம். கிடாரு செஞ்ச வேலை. வூட்ல போயி சொன்னதும் அதோட அத்தை குதிச்சிருக்கு. அத்தைக்கு ஒரு புள்ள இருக்கான், அவனுக்கு இந்தப் பொண்ணுன்னு ரொம்ப நாளா கணக்கு.

"ஜீப்பு ஓட்றவனுக்குக் கிடாரா? ஒழுங்கா ஆரன் அடிப்பானா பாரு"ன்னு அத்தை கேட்டுச்சாம். சொந்தக்காரங்க எல்லாம் சிரிச்சாங்களாம். அன்னிலேர்ந்து அந்த ஊர்ல அது ஒரு வெளையாட்டாப் போச்சி. இந்தப் பொண்ணு தெருவுல போனா போதும், ரெண்டு பேரு கைய இடுப்பாண்ட வெச்சிக்கினு வெறுங்காத்துல சொறியறது.

பொண்ணு ரோசக்காரி. "கல்யாணத்தன்னிக்கு உங்க எல்லாரு முன்னாடியும் வாசிப்பாரு. காதுல வாங்கிக்கினு போங்க"ன்னு சொல்ட்டுச்சி. இப்ப அவரு வாசிச்சி அது கேக்கலன்னா, அந்தப் பொண்ணு இனிமே அம்மா வூட்டுக்குப் போற ஒவ்வொரு வாட்டியும் தலையக் குனிஞ்சிக்கினு போவணும். இதான் விசயம்.

"கவலப்படாத மாப்ள"ன்னேன். நான் யாருக்கெல்லாம் கவலப்படாதன்னு சொன்னேனோ அவங்கள்லாம் கவலப்பட்டிருக்காங்க.

கல்யாணம் வெள்ளிமலைல மாப்ள வூட்டு வாசல்ல. பந்தலு, பலாமரம், மரத்துல என் கூம்பு. தாலி கட்டி முடிஞ்சிச்சி. பந்தி ஒரு பக்கம் ஓடிக்கினு இருக்கு. பொண்ணு வூட்டுக்காரங்க ஒரு பஸ்ஸு புடிச்சி வந்திருந்தாங்க. டிரைவரு வந்ததுமே கறாரா சொல்ட்டாரு: "ரெண்டு மணிக்கு வண்டி எறங்கிடும். மழ வந்தா மலப் பாதைல நான் ஓட்ட மாட்டேன்." வானம் வேற அந்தப் பக்கமா கருத்துக்கினு இருந்துச்சி.

மணி பன்னெண்டுக்கு மாப்ள கிடாரோட மேடைல ஒக்காந்தாரு. அத்தை சேர இழுத்துக்கினு வந்து மொத வரிசைல, சினிமாவுக்கு வந்த மாதிரி காலு மேல காலு போட்டு ஒக்காந்துச்சி.

கிடாரு மரத்துலதான் இருக்கு, ஆனா உள்ள சத்தத்தப் புடிக்கற ஒரு சின்ன பில்லை ஒட்டியிருக்கு, அடில ஒயரு சொருவ ஒரு ஓட்டை இருக்கு. நான் அத கண்டுக்கல. எங்க வழக்கம் வேற. மேளமா, மைக்க முன்னாடி வை. நாதஸ்வரமா, முன்னாடி வை. செல்போன்ல பாட்டா, அதுக்கும் மைக்க முன்னாடி வை. அதே மாதிரி மைக்க கிடாரு வயித்தாண்ட வெச்சி, சத்தம் ஏத்தற நாப்பத் திருப்பனேன்.

கூம்பு "கூஊஊ"ன்னு கத்துச்சி பாருங்க. பலாமரத்துல இருந்த காக்கா எல்லாம் கரியாலூர் பக்கம் போயிடுச்சி. பந்தில ஒருத்தரு பாயாசத்த மடில கவுத்துக்கினாரு. மேடைக்கு நேரா பின்னாடி கூம்பக் கட்டிட்டு முன்னாடி மைக்க வெச்சா அப்பிடித்தான் கத்தும். எனக்கே தெரியும். ஆனா மரம் அங்கதான இருந்துச்சி.

"வாசிக்க ஆரம்பிச்சிட்டாரா?"ன்னு அத்தை கேட்டுச்சி. மொத வரிசை முழுக்க சிரிப்பு.

சரின்னு மாப்ள கொண்டாந்த ஒயர கிடாரு ஓட்டைல ஒரு முனை, ஆம்ப்ளிபயருக்குப் பின்னாடி மைக் ஓட்டைல ஒரு முனைன்னு சொருவனேன். "இப்ப அடி மாப்ள."

அடிச்சாரு. சத்தம் வந்துச்சி. ஆனா அது கிடாரு இல்ல. தகர டப்பால வண்டு பூந்துக்கினு வெளிய வர வழி தேடற மாதிரி, கிச்சு கிச்சுன்னு கீச்சு மட்டும் வருது. அடிக் கம்பில அடிக்கறாரு, அடி சத்தமே இல்ல. அடி சத்தத்துக்குன்னு இருக்கற பாஸ் நாப்ப முழுசாத் திருப்பனேன். உறுமல் வந்துச்சி, கிடாரு வரல. பக்கத்துல கேட்டா எவ்ளோ நல்லா இருக்குது தெரியுமா அந்தக் கிடாரு? ஒயரு வழியா போனா மட்டும் ஏன் இப்பிடி எளச்சிப் போவுது?

அத்தை பொண்ணு பக்கம் திரும்புச்சி. "இன்னாடி, உன் வூட்டுக்காரரு பல்லு வெளக்கறாரா?"

மாப்ள என்ன பாத்தாரு. நான் ஆம்ப்ளிபயர பாத்தேன். ஆம்ப்ளிபயருக்குப் பாக்க ஆளு இல்ல.

அப்பதான் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சி. கள்ளக்குறிச்சில ஒரு பாய் கடை. செட்டு ரிப்பேரு, ஒயரு, பின்னு எல்லாம் அங்கதான். நான் கூம்பு வாங்கனப்ப அவரு சொன்னாரு, "ஓம்ஸ் சேரலன்னா சத்தம் சேராதுப்பா." தூரமா ஒயரு இழுத்து கூம்பு கட்டறப்ப, கூம்பு வாலுல ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரு மாட்டணும். அது மாட்டனா ஓம்ஸ் சேந்துடும். ஓம்ஸ்னா இன்னான்னு எனக்குத் தெரியாது. சேரணும்னு மட்டும் தெரியும். எங்க கல்யாணமும் அப்பிடித்தான் நடந்துச்சி. (இத எழுதாதன்னேன். எழுதிட்டா.)

கிடாருக்கும் ஓம்ஸ்தான் சேரலன்னு முடிவு பண்ணிட்டேன். வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு பலாமரம் ஏறனேன். கூம்பு வாலுலேர்ந்து டிரான்ஸ்பார்மர அவுத்துக்கினு எறங்கி, கிடாரு ஒயருக்கு நடுவுல முறுக்கி வெச்சேன்.

முன்னாடி வண்டு சத்தமாவது வந்துச்சி. இப்ப வண்டு செத்துடுச்சி. அவரு கைதான் ஆடுது, சத்தம் இல்ல. களமருதூர்ல வெறுங்காத்துல சொறிஞ்சிக் காட்டறாங்கன்னு சொன்னேனே, அதே தான். நான் அத மேடையேத்தி வெச்சிட்டேன். கூம்பும் அவுந்து போச்சா, நடுநடுவ செல்போன்லேர்ந்து கூம்புல பந்திக்குப் போட்டுக்கினு இருந்த பாட்டும் நின்னு போச்சி. சமையக்காரரு கரண்டியோட வந்து, "பாட்டு இல்லன்னா பசங்களுக்குக் கை ஓட மாட்டுதுங்க"ன்னாரு.

பாய்க்குப் போன் போடலாம்னு எடுத்தேன். சிக்னல் கோடே இல்ல. என் போனுக்கு அந்த ஊர்ல ஒரே எடத்துலதான் கோடு வரும், ரோட்டு வளைவுல ஒரு பாறை மேல. ஓடனேன். பாறை மேல ஏறி ஒத்தக் கால்ல நின்னேன். ரெண்டு கால்ல நின்னா கட்டாவுது.

"பாய், கிடாரு பாய். உள்ள பில்லை ஒட்டனது. மைக் ஓட்டைல குடுத்தேன், எளச்சிப் போயி வருது. டிரான்ஸ்பார்மரு போட்டேன், செத்தே போச்சி."

"டிரான்ஸ்பார்மரா? எந்த டிரான்ஸ்பார்மரு?"

"கூம்புது."

"நல்ல வேள, கிடாரோட போச்சி. வாசிக்கற ஆளுக்கு மாட்டாம வுட்டியே. ஆம்ப்ளிபயருக்குப் பின்னாடி வேற ஓட்டை இருக்கும் பாரு. ஒவ்வொரு ஓட்டைக்கும் கீழ எழுதியிருக்கும். படி."

"பாறைல இருக்கேன் பாய்."

"அப்ப போயி படிச்சிட்டு வா."

ஓடனேன். போயி குந்திப் பாத்தா, எறும்பு ஊருது. ஆனா நடுநடுவ நம்பரு இருக்கு, அது தெரியும். சமையக்காரருகிட்ட ஒரு கரித்துண்டு வாங்கி கைல எழுதிக்கினேன். திரும்ப ஓடனேன். பாறை ஏறி, காலத் தூக்கி, "சொல்லட்டா பாய்"னு கையப் பாத்தா, வேர்வைல எல்லாம் கலஞ்சி மொழங்கை வரிக்கும் ஒரே கருப்பு.

"படிப்பா."

"இருட்டா இருக்கு பாய்."

"மத்தியானம் ஒரு மணிக்கா?"

"மல இல்லிங்களா."

போன வெச்சிட்டாரு. திரும்ப ஓடியாந்தேன். பந்தலாண்ட வந்து மூச்சு வாங்கிக்கினு நிக்கறேன், அங்க பஸ் டிரைவரு வண்டில ஏறி ஒரு ஆரன் அடிச்சாரு. மணி ஒண்ணே கால். பொண்ணு வூட்டுக்காரங்க பாதி பேரு செருப்ப மாட்டிக்கினு இருந்தாங்க. அத்தை மட்டும் எழுந்துக்கல. சிரிப்ப முழுசா வாங்கிக்கினு போவலாம்னு ஒக்காந்துக்கினு இருந்துச்சி.

மேடைலேர்ந்து பொண்ணு எறங்கி வந்துச்சி. பட்டுப் பொடவ, தல நெறைய பூவு, கழுத்துல மால. நேரா எங்கிட்ட வந்து மெதுவா கேட்டுச்சி. "எங்கண்ணே ஓடி ஓடிப் போறீங்க?"

"பாய்கிட்ட போன் பேசறதுக்கும்மா. இங்க கோடு இல்ல."

அது இடுப்புலேர்ந்து தன் போன எடுத்துக் காட்டுச்சி. நாலு கோடு. அதோட சிம்மு வேற கம்பெனி. நான் மூணு வாட்டி பாறைல ஒத்தக் கால்ல நின்னது ஒரு கம்பெனிக்காவ.

மூணு இல்ல, ரெண்டுன்னு என் பொண்டாட்டி எண்ணிட்டா. சரி, ரெண்டு.

நம்பர நான் சொன்னேன், பொண்ணு போட்டு ஸ்பீக்கர்ல வெச்சிச்சி. "பாய், நான் பொண்ணு பேசறேன்."

"எந்தப் பொண்ணு?"

"கல்யாணப் பொண்ணு."

"அந்த முண்டம் எங்கம்மா?"

"பக்கத்துலதான் இருக்காரு."

"அவனுக்குப் படிக்க வராதும்மா. வராதுன்னு சொல்லவும் வராது. நீ படி."

பாருங்க, இவ்ளோ நாளு பாய்க்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ரசீது குடுத்தா அத தலகீழாப் புடிச்சி, "வெல ஜாஸ்தியா இருக்கே பாய்"னு நான் சொல்றத அவரு பாத்துக்கினேதான் இருந்திருக்காரு.

பொண்ணு அந்தப் பட்டுப் பொடவையோட ஆம்ப்ளிபயருக்குப் பின்னாடி குந்துச்சி. மாலைய முதுகுப் பக்கம் தள்ளி வுட்டுக்கினு படிச்சிச்சி. "மைக்குன்னு மூணு ஓட்டை இருக்கு பாய். கீழ நாலு புள்ளி ஏழு கே ஓம்ஸ். தள்ளி ஒண்ணு, ஆக்ஸ்னு போட்டிருக்கு. அதுல நானூத்தி எழுவது கே."

"ஆங், அதான்"ன்னாரு பாய். "நல்லா கேளும்மா, அவனையும் கேக்க சொல்லு. கிடாருக்குள்ள இருக்கற பில்லை ஒரு சின்ன ஊத்து. சொட்டு சொட்டாதான் ஊறும். மைக் ஓட்டைக்கு ஓம்ஸ் கம்மி. அது அஞ்சு எச்பி மோட்டாரு மாதிரி. ஊத்துல கொண்டு போயி வெச்சா இன்னா ஆவும்?"

"உறிஞ்சிட்டு வெறுங்காத்து இழுக்கும்"னு நான் சொன்னேன். இது எனக்குத் தெரியும். எங்க கொல்லைலயே நடக்குது.

"அதேதான். அடி சத்தம் எல்லாம் அங்கயே செத்துப்பூடும், கீச்சு மட்டும்தான் தப்பிக்கும். நீ மாட்டன டிரான்ஸ்பார்மரு அதவுட மோசம், ஊத்த ஒரேடியா தூத்துட்ட. ஆக்ஸுக்கு ஓம்ஸ் ஜாஸ்தி, நூறு மடங்கு. அது உறிஞ்சாது. ஊத்தாண்ட குந்திக்கினு ஒரு கைத் தண்ணி மொண்டு குடிக்கற ஆளு மாதிரி. ஊத்துக்கு வலிக்காது. அதுல சொருவு. சத்தம் கொஞ்சம் கம்மியாதான் வரும், நாப்ப ஏத்திக்கோ. ஆனா கிடாரு கிடாராட்டம் வரும்."

இவ்ளோதானா! நான் ஒயரப் புடுங்கி பொண்ணு கைல குடுத்தேன். அது சொருவப் போச்சி. நின்னுச்சி.

"அண்ணே. ஓட்டை எங்க?"

"அங்கதாம்மா, ஆக்ஸு."

"ஆக்ஸ்னு எழுதியிருக்கு. ஓட்டை இல்ல. மஞ்சளா உருண்டையா ஒண்ணு இருக்கு."

அது என் வேலைதான். ஆயுத பூசைக்கு வருசா வருசம் செட்டுக்குப் பொட்டு வெப்பேன். முன்னாடி வெச்சா நாப்புல பிசுபிசுன்னு ஒட்டிக்குது. அதனால பின்னாடி, நம்ம எதுக்கும் தொடாத ஓட்டை ஒண்ணு இருக்கேன்னு, அதுல சந்தனத்த அப்பி குங்குமம் வெப்பேன். வாங்கன வருசத்துலேர்ந்து அதே ஓட்டை. பழசத் தொடைக்கறது இல்ல, சாமி குத்தம். மேல மேல அப்பறதுதான்.

"இன்னாச்சிம்மா?"ன்னு பாய் கேட்டாரு. பொண்ணு சொல்லுச்சி.

போன்ல ஒரு சத்தம். அழுவறாரா சிரிக்கறாரான்னு தெரில. அப்பறம் சொன்னாரு, "ஏம்பா, மெஷின கும்புடு, வேணாங்கல. அதுக்கு வாயில ஏன்பா ஊட்டற?"

மொத வரிசைக்கு எல்லாமே கேட்டுக்கினு இருந்துச்சி. ஸ்பீக்கர்ல இல்ல வெச்சிருந்தோம்? இந்த வாட்டி அத்தை சிரிச்சது பொண்ணப் பாத்து இல்ல, என்ன பாத்து. அது வரிக்கும் நல்லது.

பஸ்ஸு ரெண்டாவது ஆரன் அடிச்சிச்சி.

"மெயின ஆப் பண்ணிட்டு நோண்டுங்கப்பா"ன்னு பாய் கத்தனாரு. ஆப் பண்ணேன். பொண்ணு கைய தலைக்குக் கொண்டு போயி ஒரு கொண்டை ஊசிய உருவுச்சி. மேக்கப் போட வந்த அம்மா, "ஐயோ அத எடுக்காத, எல்லாம் அவுந்துடும்"னு ஓடியாந்துச்சி. அதுக்குள்ள பாதிப் பூவு சரிஞ்சி ஆம்ப்ளிபயரு மேல வுழுந்துச்சி. பொண்ணு கண்டுக்கல. புண்ணுல சீழெடுக்கற கை இல்லியா, கொஞ்சங் கூட நடுங்கல. சுத்தி சுத்தி நோண்டுச்சி. ஒவ்வொரு வருசமா வருது. காஞ்சது, கருத்தது, நடுவுல ஒரு குங்குமம், மறுபடி காஞ்சது. பட்டுப் பொடவ மேல பூரா மஞ்சத் தூளு. மாப்ள குந்தி, வாயால ஊதி ஊதி எடுத்தாரு.

டக்குன்னு பின்னு உள்ள போச்சி.

மெயின போட்டேன். மாப்ள அடிச்சாரு. ஒண்ணும் கேக்கல. "நாப்பு, நாப்பு"ன்னு பாய் கத்தறாரு. ஆக்ஸ் நாப்பத் திருப்பனா, பொறந்ததுலேர்ந்து திரும்பாத நாப்பு, எறுகிப் போயி கெடக்குது. பல்லால கடிச்சித் திருப்பனேன். நெசமாதான், குறடு மரத்து மேல மறந்துட்டு வந்துட்டேன்.

திரும்புச்சி. மாப்ள அடிக் கம்பிய ஒரு வாட்டி தட்டனாரு.

அந்த சத்தத்த எப்பிடி சொல்றது? ரெண்டு பொட்டி ஸ்பீக்கரும் மூச்சு வுட்ட மாதிரி இருந்துச்சி. காதுல வுழறதுக்கு முன்னாடி எனக்கு வயித்துல தெரிஞ்சிச்சி. கட்டைக் கம்பி மொனங்குது, மேல் கம்பி பேசுது, விரலு கம்பில நவுர்ற சறுக்கல் கூடக் கேக்குது. ஜீப்புல சாஞ்சிக்கினு அவரு வாசிப்பாரே, அந்தப் பாட்டுதான். ஆளு சேர வரிக்கும் வாசிக்கற பாட்டு.

செருப்பு மாட்டனவங்க அப்பிடியே நின்னாங்க. சமையக்காரரு கரண்டிய தூக்கிக்கினு நின்னாரு. பஸ் டிரைவரு மூணாவது ஆரன் அடிக்கக் கைய வெச்சவரு, எடுத்துட்டு இஞ்சின ஆப் பண்ணாரு. பொண்ணு மேடைக்குப் போவல. சரிஞ்ச பூவோட, மஞ்சத் தூளோட, ஆம்ப்ளிபயருக்குப் பின்னாடி குந்தன எடத்துலயே ஒயரப் புடிச்சிக்கினு ஒக்காந்துடுச்சி. அத வுட்டா பாட்டு நின்னுடும்ன்ற மாதிரி.

பாட்டு முடிஞ்சிச்சி. யாரும் கை தட்டல. எல்லாரும் அத்தையப் பாத்தாங்க. அத்தை சேர நவுத்திட்டு எழுந்திரிச்சிச்சி. நேரா பொண்ணுகிட்ட நடந்து வருது. பொண்ணு மூஞ்சில ரத்தமே இல்ல. நான் ஆம்ப்ளிபயருக்குக் குறுக்க நின்னுக்கினேன், எனக்கு என் பொருளு முக்கியம். அத்தை என்னத் தள்ளிட்டு, குனிஞ்சி, பொண்ணு மோவாயப் புடிச்சி நிமித்தி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி இன்னா சொல்லுச்சின்னா...

இப்ப எங்க வூட்டு வாசல்ல ஜீப்பு ஆரன். வுடாம அடிக்கறாங்க.

"யோவ் மைக்செட்டு! பேரனுக்குக் காது குத்தறதுக்குள்ள செட்டு ஏத்துவியா, இல்ல அவன் கல்யாணத்துக்கு ஏத்திக்கலாமா? எங்க மாப்ள கிடார மடில வெச்சிக்கினு எவ்ளோ நேரமா ஒக்காந்திருக்காரு! அந்த ஓட்டைல சந்தனம் கிந்தனம் இருந்துச்சின்னு வை, உன் வாயில வெப்பேன்!"

அத்தைதான். முன் சீட்டுல ஒக்காந்திருக்கு. அந்தப் பொண்ணு பெத்த புள்ளைக்குதான் இன்னிக்குக் காதுகுத்து.

"அன்னிக்கு இன்னா சொல்லுச்சின்னு சொல்ட்டுப் போய்யா"ன்றா என் பொண்டாட்டி.

இருடி, பொட்டிய ஏத்திட்டு வந்து... இதோ வரேங்க அத்தே! அந்தக் குறட எட்றி!